ஊருணிப் பாசிக்குள் ஒரு கயிறு

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் மேல்நிலைப் பள்ளியில் 26 ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பித்து வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்து, தை பிறப்பதற்குள் கலங்கல் அடங்கித் தண்ணீர் தெளிந்ததும், படித்துறை ஓரத்திலிருந்து ஒரு வாளி ஹைட்ரில்லாப் பாசியை அள்ளிவந்து ஆய்வகத்தின் கிழக்குச் சன்னலோரம் வைப்பது என் வழக்கம். அதன் இலை இரண்டே செல் அடுக்குகளால் ஆனது. வெட்டவோ சீவவோ வேண்டியதில்லை. இளம் இலை ஒன்றைக் கிள்ளி, ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு நீரில் கிடத்தி, நடு நரம்பை ஒட்டிய நீண்ட செல்களின் மேல் நுண்ணோக்கியைக் குவித்தால், முதலில் எதுவும் நிகழாததுபோல் இருக்கும். விளக்கின் வெளிச்சமும் இளஞ்சூடும் பட்டுச் சில நிமிடங்கள் கழிந்தபின், பச்சை மணிகளைப் போன்ற பசுங்கணிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரத் தொடங்கும். செல்லின் சுவரை ஒட்டியே ஒரு பக்கம் ஏறி, முனையில் திரும்பி, மறுபக்கம் இறங்கி, ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பணியில் சேர்ந்த புதிதில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “டீச்சர், அதை யாரு தள்ளுறா?” என்று கேட்டாள். “புரோட்டோபிளாசம் தானாகச் சுழல்கிறது, அதற்குச் சைக்ளோசிஸ் என்று பெயர்” என்று சொன்னேன். அவள் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு பெயரைச் சொன்னேனே தவிர, கேட்டதற்கு விடை சொல்லவில்லை என்பது அன்று மாலை வீடு திரும்பும் பேருந்திலேயே என்னை உறுத்தத் தொடங்கிவிட்டது. உண்மையான விடை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. அதில் பாதி எங்கள் பாடநூலிலும் இருந்தது. ஆனால் அது விலங்கியல் பகுதியில், தசைச் சுருக்கம் பற்றிய பாடத்தில், பாசியைப் பற்றி எண்ணுகிறவர்கள் தேடிப்போகாத பக்கத்தில் இருந்தது.

அந்த விடை ஆக்டின் என்னும் புரதமும், அது கோத்துக் கோத்து உருவாக்கும் இழையும். பாசியின் பச்சை மணியை நகர்த்துவதும், காயத்தை நோக்கி வெள்ளணுவை ஊர்ந்துபோக வைப்பதும், ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது இடுப்பில் சுருக்குக் கயிறு போட்டு இறுக்குவதும், நம் கை ஒரு குடம் தண்ணீரைத் தூக்குவதும் இந்த ஒரே இழையின் வேலைகள். இவற்றைத் தனித்தனிப் பாடங்களில் தனித்தனி வரிகளாகப் படிக்கும் மாணவர்களுக்கு இவை ஒன்று என்று தெரிவதே இல்லை. அதை ஓரிடத்தில் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது.

ஆக்டின் முதலில் கண்டெடுக்கப்பட்டது தசையிலிருந்துதான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார். அந்த ஊரில் விளையும் பாப்ரிகா என்னும் மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தவர் அவர். 1937இல் நோபல் பரிசு பெற்றவர். குண்டு மிளகாய் விளையும் சீமையில் பிறந்த எனக்கு அந்த ஊரின்மேல் ஒரு தனிப் பற்று உண்டு. அங்கே இலோனா பாங்கா என்னும் ஆய்வாளர், அரைத்த தசையை உப்புக் கரைசலில் ஊறவைத்து மயோசின் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடங்கள் ஊறவைத்தால் தெளிந்த, நீர்த்த கரைசல் கிடைத்தது. ஒரு நாள் முழுதும் ஊறவிட்டால் பிசுபிசுப்பான, கெட்டியான ஒன்று கிடைத்தது. அந்தக் கெட்டியான கரைசலில் மயோசினோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்று உணர்ந்து, அதைத் தேடி 1942இல் தனியே பிரித்தெடுத்தவர் ப்ரூனோ ஸ்ட்ராப். தசையை அசிட்டோனில் கழுவி உலர்த்திப் பொடியாக்கி, அந்தப் பொடியிலிருந்து வெறும் நீரால் புதிய புரதத்தைக் கரைத்தெடுத்தார். நீர்போல் ஓடிய அந்தக் கரைசலில் சிறிது உப்பைச் சேர்த்ததும் அது கூழ்போல் ஆயிற்று. மயோசினைச் செயலூக்கம் பெறச் செய்வதால் அதற்கு ஆக்டின் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் ஆக்டின் எடுப்பவர்கள் ஏறக்குறைய அதே முறையில்தான் உலர் பொடியிலிருந்து தொடங்குகிறார்கள்.

உப்பு விழுந்ததும் நீர் ஏன் கூழாக வேண்டும் என்பதில்தான் இழையின் அமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓர் ஆக்டின் மூலக்கூறு 375 அமினோ அமிலங்களால் ஆன, ஐந்தரை நானோமீட்டர் அளவுள்ள, சற்றுத் தட்டையான ஓர் உருண்டை. நடுவில் ஒரு பிளவு; அந்தப் பிளவுக்குள், செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் அடினோசின் ட்ரைபாஸ்பேட் மூலக்கூறு ஒன்று உட்கார்ந்திருக்கும். 1990இல் வொல்ஃப்காங் கப்ஷ், கென்னத் ஹோம்ஸ் முதலானோர் படிகத்தின் வழியே இந்த அமைப்பை அணு அணுவாகக் காட்டினார்கள். உப்பு இல்லாத நீரில் உருண்டைகள் தனித்தனியே மிதக்கின்றன. உப்பு சேர்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி, ஏழெட்டு நானோமீட்டர் தடிமனுள்ள நீண்ட இழைகளாகின்றன. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கரைசல் கெட்டிப்படுகிறது.

அந்த இழையின் தோற்றத்தை வகுப்பில் விளக்க நான் சிங்கம்புணரியிலிருந்து வாங்கிவந்த தேங்காய் நார்க் கயிற்றைக் காட்டுவேன். இரண்டு புரிகளை ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிய கயிறு எப்படி இருக்குமோ, மின்னணு நுண்ணோக்கியில் ஆக்டின் இழையும் அப்படியே இருக்கிறது. இரு புரிகளும் 36 நானோமீட்டருக்கு ஒருமுறை ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்த நீளத்துக்குள் ஏறக்குறைய 13 உருண்டைகள் அடங்குகின்றன. உருண்டைக்கு உருண்டை இழையின் நீளம் 2.75 நானோமீட்டர் கூடுகிறது. ஒரு மைக்ரோமீட்டர் நீள இழையில், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், சுமார் 360 உருண்டைகள் இருக்கும்.

கயிறு என்னும் உவமை இதற்குமேல் போகக் கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுவேன். கயிற்றின் புரி, நார்களை முறுக்கியதால் உண்டான இழுவிசையில் நிற்கிறது. ஆக்டினில் முறுக்கியவர் எவரும் இல்லை. ஒவ்வோர் உருண்டையும் தன் புரியில் மேலும் கீழும் உள்ள இரண்டு உருண்டைகளோடும், எதிர்ப்புரியில் உள்ள இரண்டு உருண்டைகளோடும் ஒட்டியிருக்கிறது. ஒட்டும் முகங்கள் சற்றுச் சாய்ந்து அமைந்திருப்பதால் முறுக்கு தானாகவே வந்துவிடுகிறது.

இந்த நான்கு பக்க ஒட்டுதலிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. தனித்த இரண்டு உருண்டைகள் சேர்ந்தால் அவற்றுக்கிடையே ஒரே ஒட்டு முகம்தான், உடனே பிரிந்துவிடும். மூன்றாவது வந்து இரண்டையும் தொட்டால்தான் அமைப்பு நிலைக்கும். எங்கள் ஊரில் திருவிழாச் சமையலுக்கு மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். இரண்டு கல்லின் மேல் அண்டா நிற்காது. மூன்றாவது கல் வைத்தபின் எவ்வளவு பெரிய அண்டாவையும் ஏற்றலாம். இழை வளர்வது எளிது, தொடங்குவது கடினம் என்ற இந்தப் பண்பைச் செல் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஏராளமான உருண்டைகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் இழை வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் தொடக்கத்தை வழங்குகிறது. தொடக்கம் கொடுப்பதற்கென்றே தனிப் புரதங்கள் உண்டு. ஃபார்மின் என்பது கிளையில்லாத நீண்ட இழையைத் தொடங்கி, வளரும் முனையிலேயே உட்கார்ந்து கூடவே போகும். ஆர்ப் 2/3 என்னும் ஏழு புரதங்களின் கூட்டு, ஏற்கெனவே இருக்கும் இழையின் பக்கத்தில் ஒட்டி, ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் ஒரு கிளையை முளைக்க வைக்கும்.

எல்லா உருண்டைகளும் ஒரே திசையைப் பார்த்து அடுக்கப்படுவதால் இழைக்குத் தலைமாடு, கால்மாடு உண்டு. மயோசினின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து இழையின்மேல் ஒட்டவைத்தபோது, இழை நெடுகிலும் அம்பு முனைகளை வரிசையாகக் கோத்ததுபோல் தெரிந்ததை 1963இல் ஹியூ ஹக்ஸ்லி பதிவு செய்தார். அந்த அம்பை வைத்து ஒரு முனைக்குக் கூர்முனை என்றும், மற்றதற்கு அம்பின் பின்பக்கச் செதிலை நினைவூட்டும் முள்முனை என்றும் அறிவியலார் பெயரிட்டார்கள். முள்முனை, கூர்முனையைக் காட்டிலும் ஏறக்குறைய பத்து மடங்கு விரைவாக வளர்கிறது. எனவே நான் வகுப்பில் வளர்பிறை, தேய்பிறை என்பதை ஒட்டி வளர்முனை, தேய்முனை என்றே சொல்கிறேன். மாணவர்கள் ஒருமுறை கேட்டால் மறப்பதில்லை.

இங்கே ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அடினோசின் ட்ரைபாஸ்பேட், அடினோசின் டைபாஸ்பேட் இரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களும் தமிழ் எழுத்தில் ஒரே மாதிரி ஆகிவிடுவதால், முன்னதை முப்பாஸ்பேட் என்றும் பின்னதை இருபாஸ்பேட் என்றும் எழுதுகிறேன். முப்பாஸ்பேட்டை ஏந்திய உருண்டைகளே இழையில் வந்து சேர விரும்புகின்றன. சேர்ந்த சில நொடிகளில் முப்பாஸ்பேட் உடைகிறது. ஆனால் உடைந்த பாஸ்பேட் உடனே வெளியேறாமல் சில நிமிடங்கள் பிளவுக்குள்ளேயே தங்கிப் பிறகுதான் போகிறது. ஆகவே புதிதாக வளர்ந்த பகுதியில் முப்பாஸ்பேட்டும், சற்று முந்திய பகுதியில் உடைந்தும் வெளியேறாத பாஸ்பேட்டும், பழைய பகுதியில் வெறும் இருபாஸ்பேட்டும் இருக்கின்றன. தன் எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது என்பதை இழை தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. கோஃபிலின் என்னும் புரதம் அந்த எழுத்தைப் படித்து, பழைய பகுதியை மட்டும் தேடிப்போய் ஒட்டி, அங்கே இழையை நறுக்குகிறது. நறுக்கப்பட்டு உதிர்ந்த உருண்டையைப் ப்ரோஃபிலின் என்னும் மற்றொரு புரதம் ஏந்தி, இருபாஸ்பேட் நீங்கி முப்பாஸ்பேட் ஏறுவதை விரைவுபடுத்தி, மறுபடி வளர்முனைக்குக் கொண்டுசேர்க்கிறது.

இதன் பயனாக ஒரு வியப்பான நிலை உண்டாகிறது. உருண்டைகளின் செறிவு ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும்போது, வளர்முனையில் எத்தனை சேர்கின்றனவோ அத்தனையே தேய்முனையில் உதிர்கின்றன. இழையின் நீளம் மாறுவதில்லை, ஆனால் அதிலுள்ள ஒவ்வோர் உருண்டையும் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சதுர்த்தி நாளில் பிள்ளையார்பட்டிக் கோவிலின் தரிசன வரிசை இப்படித்தான் இருக்கும். காலையில் பார்த்த வரிசை மதியமும் அதே நீளத்தில் அதே இடத்தில் நிற்கும். நின்ற ஆட்கள் மட்டும் வேறு. ஆக்டினுக்கு இந்த இயல்பு உண்டு என்பதை 1976இல் ஆல்பிரெக்ட் வெக்னர் சோதனையால் காட்டினார்.

செல்லுக்குள் இருக்கும் இத்தகைய இழைகளின் தொகுதியைச் செல் சட்டகம் என்று பாடநூலும், சைட்டோஸ்கெலிட்டன் என்று ஆங்கிலமும் சொல்லும் சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லாமல் போனது இந்த இடத்தில்தான். சட்டகம் என்றதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் மனத்தில் எழுவது கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் உள்ள பெரிய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள். நூறாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து நிறுத்தப்பட்ட அந்தத் தூண், மாறாமல் இருப்பதால்தான் வீட்டைத் தாங்குகிறது. ஊர்ந்துசெல்லும் செல்லின் முன்விளிம்பில் உள்ள ஆக்டின் இழையின் ஆயுளோ பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. குடமுழுக்குக்காகக் கோபுரத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்புகளால் கட்டும் சாரம் இதற்கு நெருங்கிய ஒப்புமை. கீழே வேலை முடிந்த இடத்தில் அவிழ்த்த கம்பையே மேலே கொண்டுபோய்க் கட்டுவார்கள். கம்பின் எண்ணிக்கை ஏறாமலே சாரம் உயர்ந்துவிடும். சாரத்துக்கும் ஆக்டினுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாரத்தை ஆட்கள் கட்டுகிறார்கள். ஆக்டின் தானே வளர்ந்து, வளர்வதன் மூலமே எதிரில் உள்ளதைத் தள்ளுகிறது.

தள்ளுவதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். செல்லின் மெல்லிய சவ்வு வெப்பத்தால் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. இழையின் நுனியும் அப்படித்தான். நுனிக்கும் சவ்வுக்கும் இடையே ஒரு கணம் போதுமான இடைவெளி உண்டானால் ஓர் உருண்டை அதற்குள் நுழைந்து ஒட்டிக்கொள்கிறது. சவ்வு திரும்பிவர இடமில்லை. அடுத்த நடுக்கத்தில் இன்னோர் உருண்டை. ஆயிரக்கணக்கான கிளை இழைகள் ஒரே திசையில் இப்படிச் செய்யும்போது செல்லின் விளிம்பு முன்னேறுகிறது. லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமி இந்த ஏற்பாட்டைத் திருடிக்கொள்கிறது. தன் உடலின் பின்பக்கத்தில் நம் செல்லின் ஆக்டினையே வளரச் செய்து, வால்வெள்ளியைப் போல் ஒரு வாலோடு செல்லுக்குள் பாய்ந்து, பக்கத்துச் செல்லுக்குள்ளும் நுழைகிறது. இதற்கு எத்தனை பொருள்கள் தேவை என்று 1999இல் பாரிசுக்கு அருகில் மாரி-ஃபிரான்ஸ் கார்லியே, டொமினிக் பந்தலோனி ஆகியோரின் குழு சோதித்தது. ஆக்டின், ஆர்ப் 2/3, கோஃபிலின், வளர்முனையை மூடும் புரதம் என விரல்விட்டு எண்ணக்கூடிய தூய புரதங்களையும் முப்பாஸ்பேட்டையும் கலந்த கரைசலிலேயே கிருமி நீந்தியது. இழையின்மேல் நடந்து இழுக்கும் மோட்டார்ப் புரதம் எதுவும் அதில் இல்லை. வளர்ச்சி மட்டுமே விசையாக இருந்தது.

ஆனால் என் மாணவி கேட்ட பச்சை மணியை வளர்ச்சி தள்ளவில்லை. அங்கே இழை ஓடுபாதையாகக் கிடக்கிறது, ஓடுவது மயோசின் என்னும் மோட்டார்ப் புரதம்.

ஹைட்ரில்லாவைவிடத் தெளிவாக இதைக் காட்டுவது காரா, நிட்டெல்லா என்னும் பாசிகள். எங்கள் கண்மாய்களின் ஆழமில்லாத ஓரங்களில் காரா கிடைக்கும். கையில் எடுத்தால் சொரசொரப்பாக இருக்கும். அதன் கணுவிடைச் செல் ஒன்றே சில சென்டிமீட்டர் நீளம் வளரும். 1774இல் போனவெஞ்சுரா கோர்த்தி என்னும் இத்தாலியர் இந்தப் பாசிக்குள் ஏதோ ஓடுவதை முதன்முதலில் கண்டு எழுதினார். செல்லின் ஓரத்தில் நகராமல் வரிசை வரிசையாக நிற்கும் பசுங்கணிகங்களின் உட்புறத்தில் ஆக்டின் இழைகள் கற்றை கற்றையாகக் கிடக்கின்றன. அவற்றின்மேல் மயோசின்கள் உறுப்புகளைச் சுமந்து ஓட, அந்த ஓட்டத்தோடு செல்சாறு முழுதுமே இழுபட்டு ஓடுகிறது. 1983இல் மைக்கேல் ஷீட்ஸும் ஜேம்ஸ் ஸ்புடிச்சும் நிட்டெல்லாச் செல்லை நீளவாக்கில் பிளந்து விரித்து, விலங்குத் தசையின் மயோசினைப் பூசிய நுண்மணிகளை அந்தக் கற்றைகளின்மேல் விட்டார்கள். முப்பாஸ்பேட் கொடுத்ததும் மணிகள் பாசியின் இழைமேல் ஒரே திசையில் ஓடின. தசைப் பாடமும் பாசிப் பாடமும் வேறல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. விலங்கின் கால், தாவரத்தின் பாதையில் தடுமாறாமல் நடந்தது.

அது தடுமாறாததற்குக் காரணம் ஆக்டின் மிகக் குறைவாகவே மாறியிருக்கிறது என்பதுதான். நம் எலும்புத்தசை ஆக்டினின் 375 அமினோ அமிலங்களும் கோழியின் எலும்புத்தசை ஆக்டினில் அதே வரிசையில் இருக்கின்றன, ஒன்றுகூட மாறவில்லை. எங்கள் அடுக்களையில் மிளகும் சோம்பும் வறுத்து அரைத்துக் குழம்பில் போடும் நாட்டுக்கோழியின் தசையிலுள்ள இந்தப் புரதத்தையும், அதைக் கிளறும் கையிலுள்ள புரதத்தையும் வரிசையை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. ரொட்டியைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டின் ஆக்டின்கூட நம்முடையதோடு நூற்றுக்கு 85க்கும் மேல் ஒத்துப்போகிறது. பாக்டீரியாவில் எம்ஆர்இபி என்னும் உறவுக்காரப் புரதம் உண்டு. அதன் வரிசை பெரிதும் மாறிப்போயிருந்தாலும் மடிப்பு ஆக்டினின் மடிப்பே என்பது 2001இல் வெளியானது. ஒவ்வோர் உருண்டையும் நான்கு பக்கத்து உருண்டைகளோடும், மயோசினோடும், பல பத்து துணைப் புரதங்களோடும் பொருந்தியாக வேண்டியிருப்பதால், எந்த முகத்தில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் எவரோ ஒருவரோடு பொருந்தாமல் போகும். அதனால்தான் இத்தனை கோடி ஆண்டுகளாக இயற்கை அதில் கைவைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

36 நானோமீட்டர் என்று முன்னர்ச் சொன்ன அளவுக்கு இப்போது பொருள் விளங்கும். சரக்குச் சுமக்கும் மயோசின் 5 வகைக்கு இரண்டு கால்கள் உண்டு. 2003இல் அகமத் யில்டிஸ், பால் செல்வின் முதலானோர் ஒற்றை மூலக்கூறில் ஒளிரும் புள்ளியை ஒட்டி அதன் நடையை அளந்தபோது, மனிதர்களைப் போலக் கால்மாற்றிக் கால் வைத்து, ஓர் எட்டுக்கு 37 நானோமீட்டர் நகர்வது தெரிந்தது. இழையின் முறுக்கு ஒருமுறை கடக்கும் தூரமும் ஏறக்குறைய அதுவே. எட்டு அதைவிடக் குட்டையாக இருந்தால் கால் அடுத்த உருண்டையைத் தேடி இழையைச் சுற்றிச் சுற்றி ஏற வேண்டியிருக்கும்; சுமந்த பொருள் பக்கத்து இழையில் மோதும். முறுக்கின் அளவுக்கே எட்டு வைப்பதால் அது கயிற்றின் ஒரே முகத்தில் நேராக நடந்துபோகிறது. தாவரங்களின் மயோசின் 11 வகையும் இதே அளவில்தான் எட்டு வைக்கிறது.

அந்த ஓட்டம் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். தேங்கிய நீரில் ஒரு சர்க்கரை மூலக்கூறு பரவுதலால் மட்டும் ஒரு சென்டிமீட்டர் போவதற்குச் சராசரியாக ஒரு நாளுக்கும் மேல் ஆகும். பரவுதலில் தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும் என்பதால், ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள காராச் செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஏறக்குறைய ஒரு மாதம் தேவைப்படும். நொடிக்கு 60 மைக்ரோமீட்டர் வேகத்தில் செல்சாறு ஓடினால் அதே தூரம் 14 நிமிடங்கள். காராவின் மயோசின், அறியப்பட்டவற்றுள் மிக வேகமான மயோசின்களில் ஒன்று. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் மயோசினோடு காரா மயோசினின் வேகமான மோட்டார்ப் பகுதியை இணைத்துப் பார்த்தார்கள். செடி பெரிதாக வளர்ந்தது. மெதுவான மோட்டாரை இணைத்தபோது சிறுத்தது. ஓட்டத்தின் வேகத்தை மாற்றியதற்கே செடியின் அளவு மாறியது என்பதைப் படித்த அன்று, சன்னலோர வாளியை நான் வேறு கண்ணால் பார்த்தேன்.

தசையைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருப்பதால் இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். தசையில் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஆக்டின் இழைகள் இரு முனையும் மூடப்பட்டு, ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. மயோசின் அவற்றை நடுப்பக்கமாக இழுக்கிறது. இழைகளின் நீளம் மாறாமல் ஒன்றன் ஊடே மற்றொன்று வழுக்குகிறது என்பதை 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. இழையின்மேல் ட்ரோப்போமயோசின் என்னும் புரதம், ஏழு ஏழு உருண்டைகளை மூடியபடி படுத்திருக்கிறது. கால்சியம் வந்ததும் அது விலக, மயோசின் பிடித்து இழுக்கிறது. காராவிலோ இதற்கு நேர்மாறு. அந்தச் செல்லைத் தொட்டு அதிரவைத்தால் ஒரு மின்துடிப்பு ஓடி, உள்ளே கால்சியம் உயர்ந்து, ஓட்டம் சட்டென்று நின்றுவிடுகிறது; சில நிமிடங்கள் கழித்தே மீள்கிறது. ஒரே இழை, ஒரே குறிப்பு. ஓரிடத்தில் “தொடங்கு” என்றும் மற்றோரிடத்தில் “நில்” என்றும் அது பொருள்படுகிறது. அறுத்த ஆட்டின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதும் இந்தப் பிடிப்பால்தான். மயோசின் ஆக்டினைப் பிடிக்க முப்பாஸ்பேட் தேவையில்லை. பிடியை விடுவதற்குத்தான் அது தேவை. உயிர் போனபின் முப்பாஸ்பேட் தீர்ந்துவிடுவதால் பிடித்த பிடி விடுபடுவதில்லை.

இழை எப்போதும் கலைந்து கட்டப்பட வேண்டும் என்று நான் சொல்வதற்கு நஞ்சுகளே நல்ல சான்று. செங்கடல் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து கிடைக்கும் லாட்ரங்குலின், தனி உருண்டைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு இழை கட்டவிடாது. அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் காளானின் ஃபல்லாய்டின் இதற்கு எதிரானது. இழையோடு ஒட்டி, அது கலையாமல் உறைய வைத்துவிடும். முதல் நஞ்சு சாரத்தைக் கட்டவிடுவதில்லை, இரண்டாவது அவிழ்க்கவிடுவதில்லை. செல்லுக்கு இரண்டுமே கேடுதான். எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் கலைந்து கட்ட வேண்டும் என்பதும் இல்லை. நம் உட்காதில் ஒலியை உணரும் செல்களின் உச்சியில், நாயனத்தின் நுண்ணிய கமகத்துக்கும் அசையும் குச்சங்கள் உண்டு. அவற்றின் உள்ளே நெருக்கமாகக் கட்டப்பட்ட ஆக்டின் கற்றை நுனியில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, மற்றப் பகுதியில் பல மாதங்கள் அப்படியே நிலைத்திருக்கிறது. அங்கே மட்டும் தேக்குத் தூண் என்ற உவமையை நான் அனுமதிக்கிறேன்.

இன்னொரு நஞ்சு, பூஞ்சணத்திலிருந்து கிடைக்கும் சைட்டோகலாசின். அது வளர்முனையில் ஒட்டிக்கொண்டு புதிய உருண்டைகள் சேராமல் தடுக்கும். அதை நிட்டெல்லாச் செல்லுக்குக் கொடுத்தால் ஓட்டம் நிற்கும். கழுவி எடுத்துவிட்டால் மறுபடி ஓடும். “யார் தள்ளுவது” என்ற கேள்விக்கு ஆக்டினைச் சுட்டிக்காட்டிய முதல் சான்றுகளில் அதுவும் ஒன்று. எங்கள் ஆய்வகத்தில் அந்தச் சோதனைக்கு வழியில்லை. ஆனால் இழையைக் கண்ணால் பார்க்க முடியாத எங்கள் பழைய நுண்ணோக்கியிலும் அதன் திசையைப் படிக்கலாம் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்தான் உணர்ந்தேன். தாவர மயோசின் எப்போதும் இழையின் வளர்முனையை நோக்கியே நடக்கிறது. ஆகவே பச்சை மணி செல்லின் இடப்பக்கம் மேலே ஏறினால் அங்கே இழைகளின் வளர்முனை மேலே இருக்கிறது. வலப்பக்கம் கீழே இறங்கினால் அங்கே வளர்முனை கீழே இருக்கிறது. ஓட்டம் திசை மாறாமல் சுற்றுகிறது என்றால் அத்தனை இழைகளும் ஒரே ஒழுங்கில் படுத்திருக்கின்றன என்று பொருள்.

இப்போதெல்லாம் தை மாதச் செய்முறை வகுப்பில், ரெக்கார்டு நோட்டில் சைக்ளோசிஸ் என்று எழுதுவதற்கு முன், அடுத்தடுத்த பத்துச் செல்களை வரைந்து ஒவ்வொன்றிலும் ஓட்டத்தின் திசையை அம்புக்குறியால் காட்டச் சொல்கிறேன். வரைந்து முடித்ததும், அம்பின் நுனி இருக்கும் பக்கத்தில் வளர்முனை என்று குறிக்கச் சொல்வேன். ஹக்ஸ்லி கண்ட அம்பு முனைகள் இதற்கு எதிர்த்திசையைக் காட்டுவன என்பதையும், இரண்டு அம்புகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் கரும்பலகையில் தனியே எழுதிப்போடுகிறேன்.